மாத்திரை எழுதும் டாக்டருக்குத் துணை யார்?

(மருத்துவமனையின் நண்பர்கள், ஆதரவாளர்கள் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் உங்கள் முன் வந்து நின்றால், புதிய ஸ்கேன் இயந்திரத்தைப் பற்றியோ, பிரசவ வார்டுக்குப் போட வேண்டிய கூரையைப் பற்றியோ பேசப் போகிறார் என்று எதிர்பார்ப்பீர்கள். அது நியாயமே. நீங்கள் கொடுத்த பணம் எங்கே போயிற்று என்று கண்ணால் காணலாம். படம் எடுத்து இதழில் போடலாம். நான் இன்று பேச வந்திருக்கிற காரியத்தைப் படம் எடுக்க முடியாது. ஹெராயின், அபின், வலி மாத்திரை போன்றவற்றுக்கு அடிமைப்பட்டவர்களுக்கு மருந்து கொடுத்தே சிகிச்சை செய்யும் முறை ஒன்று உண்டு. அந்த மருந்தை எழுதிக் கொடுக்கிற டாக்டருக்கு எந்தெந்தத் துணைகள் வேண்டும் என்பதுதான் என் பொருள்.

முதலில் நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். அபினும் அதன் வழிவந்த மருந்துகளும் வலியைப் போக்கும். மனதுக்கு ஓர் இதத்தைத் தரும். தொடர்ந்து எடுத்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும். பிறகு ஒரு வேளை தவறினாலும் கண்ணில் நீர் வடியும், மூக்கு ஒழுகும், கொட்டாவி மேல் கொட்டாவி வரும், மயிர்க்கூச்செறியும், எலும்பெல்லாம் குடையும், வயிறு கலங்கும், தூக்கம் அறவே போய்விடும். இதை விலகல் உபாதை என்கிறோம். சில வருஷங்கள் கழிந்தபின் அந்த மனிதர் சுகத்துக்காக மருந்தைத் தேடுவதில்லை. இந்த உபாதை வராமல் இருந்தால் போதும் என்றுதான் தேடுகிறார். வீட்டில் உள்ளவர்கள் இதை அறியாமல், "இவ்வளவு பட்டும் புத்தி வரவில்லையே" என்கிறார்கள்.

இது எங்கோ இருக்கிற சங்கதி என்று எண்ண வேண்டாம். 2018-ஆம் ஆண்டு நாடெங்கும் எடுக்கப்பட்டு, 2019-ல் வெளியான அரசுக் கணக்கெடுப்பின்படி, இந்திய மக்களில் 2.1 சதவீதம் பேர் அபின் வகைப் பொருள் எதையாவது பயன்படுத்துகிறார்கள். அதில் முதலிடம் ஹெராயினுக்கு. சிக்கிம், அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் ஆகிய மாநிலங்களில் இந்த விகிதம் பத்து சதவீதத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் நம் கவலை வேறு உருவத்தில் வருகிறது. டேபென்டடால் என்ற வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் வாலிபர்களைப் பற்றிச் சில வருஷங்களாகச் செய்தித்தாள்களில் நீங்களே வாசித்து வருகிறீர்கள்.

இப்படிப்பட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, பத்துப் பதினைந்து நாள் படுக்க வைத்து, உபாதை தணிந்ததும் வீட்டுக்கு அனுப்புவது பல இடங்களில் இன்றும் வழக்கமாக இருக்கிறது. குடும்பத்தாரும் அதையே விரும்புகிறார்கள். "உடம்பிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் டாக்டர், பிறகு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். ஆனால் உபாதை தணிந்தாலும் ஏக்கம் தணிவதில்லை. அதைவிட ஆபத்து ஒன்று உண்டு. இரண்டு வாரம் மருந்தில்லாமல் இருந்த உடம்பு, முன்பு தாங்கிய அளவை இப்போது தாங்காது. வெளியே வந்து பழைய அளவையே ஒரு தரம் போட்டுக்கொண்டால் மூச்சு நின்றுபோகும். சிறையிலிருந்து வருகிறவர்களுக்கும் இதே கதிதான்.

ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த ஓர் ஆய்வு 2003-ஆம் ஆண்டு "லான்செட்" மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போதெல்லாம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். ஹெராயினுக்கு அடிமைப்பட்ட 40 பேர் அதில் சேர்ந்தார்கள். 20 பேருக்கு நாள்தோறும் புப்ரெனார்ஃபின் என்ற மாத்திரை கொடுத்தார்கள். மற்ற 20 பேருக்கு அதே மாத்திரையை ஆறு நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டு, அதன்பின் மருந்தில்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்து வந்தார்கள். இரண்டு கூட்டத்தாருக்கும் ஆலோசனையும் குழுப் பயிற்சியும் ஒரே மாதிரி கிடைத்தன. கவனிப்பில் ஒரு குறையும் இல்லை. ஓராண்டு முடிவில், மருந்து பெற்ற 20 பேரில் 15 பேர் சிகிச்சையில் நிலைத்திருந்தார்கள். மற்றக் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை. அந்த 20 பேரில் நான்கு பேர் அதற்குள் இறந்தே போனார்கள். மருந்து பெற்றவர்களில் ஒருவரும் இறக்கவில்லை.

நண்பர்களே, நல்ல ஆலோசனை எல்லாருக்கும் கிடைத்தது என்பதை மறந்துவிடாதீர்கள். "மருந்து எதற்கு, நல்ல புத்தி சொன்னால் போதாதா" என்று கேட்பவர்களுக்கு நான் தரும் பதில் இந்த நான்கு மரணங்கள். பின்னாளில் பல நாடுகளின் கணக்குகளைத் திரட்டி 2017-ல் வெளியிட்டார்கள். மெத்தடோன் என்ற மருந்தை எடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்குப் பதினொரு பேர் இறந்தார்கள். அதை விட்டு வெளியேறியவர்களில் ஆயிரத்துக்கு 36 பேர் இறந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2005-ஆம் ஆண்டே இவ்விரண்டு மருந்துகளையும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

"ஒரு போதையை எடுத்துவிட்டு இன்னொரு போதையைக் கொடுக்கிறீர்களே?" இந்தக் கேள்வி என்னிடம் வராத கூட்டமில்லை. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். மூளையில் அபின் வகை மருந்துகள் உட்காருவதற்கென்று இருக்கைகள் உண்டு. புப்ரெனார்ஃபின் அந்த இருக்கைகளில் அழுத்தமாக உட்கார்ந்துகொள்ளும், லேசில் எழுந்திருக்காது. பின்னால் வருகிற ஹெராயினுக்கு இடம் கிடைக்காது. ஆனால் உட்கார்ந்த புப்ரெனார்ஃபின் ஹெராயினைப் போல முழு வேலை செய்வதில்லை. பாதி வேலைதான் செய்யும். அதனால் உபாதையும் ஏக்கமும் அடங்குகின்றன. அளவைக் கூட்டினாலும் ஓர் எல்லைக்கு மேல் போதை ஏறாது. மூச்சு நிற்கும் ஆபத்தும் மிகக் குறைவு. காலையில் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக் கரைத்துக்கொண்டவர் லாரி பழுதுபார்க்கிற வேலைக்குப் போகிறார். சாயங்காலம் சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். திருடுவதில்லை, ஊசி தேடுவதில்லை. இதைப் போதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சர்க்கரை நோயாளி தினமும் இன்சுலின் போட்டுக்கொள்வதை நாம் போதை என்று சொல்வதில்லையே.

மருந்து இருக்கிறது; விலையும் மலைக்கும்படி இல்லை; பலன் நிரூபிக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் ஏன் எல்லா டாக்டர்களும் கொடுப்பதில்லை?

பயம் ஒரு காரணம். அந்தப் பயத்தை நான் பழிக்க மாட்டேன். நாங்கள் எம்.பி.பி.எஸ். படிக்கும்போது இந்தச் சிகிச்சையைக் குறித்துக் கேட்ட பாடம் மிகக் கொஞ்சம். இந்த மருந்தின் முதல் வேளை கொஞ்சம் தந்திரமானது. நோயாளியின் உடம்பில் ஹெராயின் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்போது இந்த மாத்திரையைக் கொடுத்தால், அது ஹெராயினை இருக்கையிலிருந்து எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். சிறிது நேரத்தில் உபாதை முழு வேகத்தோடு பொங்கி எழும். நோயாளி துடிப்பார்; இனி இந்த ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கமாட்டேன் என்று போய்விடுவார். ஆகையால் கடைசியாக எப்போது போட்டுக்கொண்டார் என்று கேட்டு, ஹெராயினானால் குறைந்தது பன்னிரண்டு மணி நேரமாவது கழிந்து, உபாதை நன்றாகத் தொடங்கின பின்னரே சிறிய அளவில் ஆரம்பிக்க வேண்டும். நாடித்துடிப்பு, வியர்வை, கண்மணியின் அளவு, கொட்டாவி, மயிர்க்கூச்சு என்று பதினொரு அடையாளங்களைப் பார்த்து மதிப்பெண் போடும் ஓர் அட்டவணை இதற்கென்றே இருக்கிறது. ஒரே தாள்தான். அந்தத் தாள் மேஜையில் இருக்கிற டாக்டர் தைரியமாக ஆரம்பிப்பார்; இல்லாதவர் "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்.

தூரத்துச் சிற்றூர் ஒன்றில் தனியாகப் பணிபுரியும் இளம் பெண் டாக்டர் ஒருவர், ஒரு நாள் இரவு எட்டு மணிக்குப் பிறகு எனக்குப் போன் செய்தார். நோயாளி எதிரே உட்கார்ந்து, இப்போதே மாத்திரை வேண்டும் என்று அழுகிறார். மாலை நாலு மணிக்குப் பிரவுன் சுகர் புகைத்ததாகவும் சொல்கிறார். என்ன செய்வது என்று கேட்டார். கண்மணி எப்படி இருக்கிறது என்றேன். சின்னதாக இருக்கிறது என்றார். கொட்டாவி? இல்லை. அப்படியானால் இன்றிரவு வேண்டாம். வலிக்கும் வயிற்றுக் கலக்கத்துக்கும் சாதாரண மருந்து கொடுத்து, அந்த வராந்தாவிலேயே படுக்க இடம் கொடுங்கள். காலையில் நர்ஸைக் கொண்டு மதிப்பெண் போட்டுப் பார்த்துவிட்டு இரண்டு மில்லிகிராமில் தொடங்குங்கள் என்றேன். இரண்டு நிமிஷப் பேச்சு. அந்தப் பெண்ணுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லவில்லை. புத்தகத்தில் எல்லாம் வாசித்தே இருந்தார். வாசித்ததைச் செய்யலாம் என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது.

இந்தத் தேவையை நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே 2000-ஆம் ஆண்டு வந்த ஒரு சட்டம், பொது மருத்துவரும் தமது கிளினிக்கிலேயே இந்தச் சிகிச்சையைச் செய்ய வழி திறந்தது. 2002-ல் புப்ரெனார்ஃபினுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் நிபந்தனைகள் இருந்தன. எட்டு மணி நேரப் பயிற்சி பெற்று, தனி அனுமதி எண் வாங்க வேண்டும். தொடக்கத்தில் 30 நோயாளிகளுக்கு மேல் பார்க்கக் கூடாது; பிறகு அந்த எல்லை 100 ஆயிற்று; 2016-ல் தகுதி பெற்றவர்களுக்கு 275 ஆயிற்று. இதிலுள்ள விநோதத்தைப் பாருங்கள். வலிக்கு ஆக்சிகோடோன் எழுத இப்படிப்பட்ட தனி அனுமதி எதுவும் வேண்டியதில்லை. அந்த ஆக்சிகோடோனாலேயே அடிமைப்பட்டவருக்குச் சிகிச்சை எழுதத்தான் தனி அனுமதி! 2021, 2022 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் அந்நாட்டில் போதை மருந்து அளவு மீறி இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 2022 டிசம்பர் கடைசியில் அந்தத் தனி அனுமதியை அடியோடு எடுத்துவிட்டார்கள்.

கதவு திறந்தது. ஜனங்கள் வெள்ளமாய் வருவார்கள் என்று பலர் எதிர்பார்த்தார்கள். மருந்து எழுதும் டாக்டர்களின் எண்ணிக்கை கூடத்தான் செய்தது. ஆனால் மருந்து பெறும் நோயாளிகளின் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி உயரவில்லை. அனுமதி முறை இருந்த காலத்திலும், அனுமதி வாங்கியிருந்தவர்களில் பலர் இரண்டொரு நோயாளிகளைத்தான் பார்த்தார்கள். சிலர் ஒருவரையும் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன காரணங்கள் நமக்கும் பழக்கமானவையே. ஆலோசகர் இல்லை, நேரமில்லை, சிக்கல் வந்தால் கேட்க ஆளில்லை, இப்படிப்பட்ட நோயாளிகளைச் சமாளிக்கத் தெரியவில்லை என்றார்கள்.

அங்கே சிலர் இதை முன்பே உணர்ந்து ஏற்பாடுகள் செய்திருந்தார்கள். அனுபவமுள்ள டாக்டர் ஒருவரைப் புதிய டாக்டருக்கு வழிகாட்டியாக இலவசமாகச் சேர்த்துவிடும் திட்டம் ஒன்று நடந்தது. சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டாக்டர்கள் போன் செய்து சந்தேகம் கேட்க ஒரு தொலைபேசிச் சேவை நடந்தது. அரசாங்கமே பெரிய கைநூல் ஒன்றை 2018-ல் வெளியிட்டு யாருக்கும் இலவசமாகக் கொடுத்தது. பிரான்சு தேசத்தில் 1990-களின் நடுவிலேயே எந்தப் பொது மருத்துவரும் இந்த மாத்திரையை எழுதலாம் என்று விட்டார்கள். 1995-க்கும் 1999-க்கும் இடையில் அங்கே அளவு மீறி இறப்பவர்களின் எண்ணிக்கை 79 சதவீதம் குறைந்தது. அங்கே குடும்ப டாக்டரும் பக்கத்து மருந்துக்கடைக்காரரும் சேர்ந்து நோயாளியைக் கவனித்ததை யாரும் குறைவாக எண்ணக் கூடாது.

அமெரிக்கக் கதையில் நம் நாட்டோடு தொடர்புள்ள பகுதி ஒன்று உண்டு. நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில் சஞ்சீவ் அரோரா என்ற ஈரல் நோய் நிபுணர் இருக்கிறார். இந்தியாவில் மருத்துவம் பயின்றவர். ஹெபடைட்டிஸ் சி நோயாளிகள் வெகு தூரம் பயணம் செய்து வந்து, தம்மைப் பார்க்க எட்டு மாதம் காத்திருப்பதைக் கண்டார். 2003-ல் அவர் ஒரு முறையைத் தொடங்கினார். கிராமத்து டாக்டர்கள் வாரத்தில் ஒரு நாள் வீடியோ மூலம் நிபுணர்களோடு கூடுவார்கள். ஒரு டாக்டர் தம் நோயாளியின் விவரத்தைப் பெயர் சொல்லாமல் எடுத்துரைப்பார். எல்லாரும் சேர்ந்து யோசிப்பார்கள். நோயாளி தன் ஊரிலேயே, தன் டாக்டரிடமே இருப்பார். 2011-ல் பலனைக் கணக்கிட்டபோது, பல்கலைக்கழகத்தில் 57.5 சதவீதம் பேரும் கிராமத்து டாக்டர்களிடம் 58.2 சதவீதம் பேரும் குணமடைந்திருந்தார்கள். "எக்கோ" என்று பெயர் பெற்ற அந்த முறையைப் போதை நோய்ச் சிகிச்சைக்கும் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2014 முதல் அதே முறையில் நம் மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது. ஒரு கணினியும், நல்ல இணையத் தொடர்பும், வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரமும் இருந்தால் நம் டாக்டரும் அதில் உட்காரலாம். அந்த நேரத்தில் வெளிநோயாளிகளைப் பார்க்க வேறொரு டாக்டர் இருக்க வேண்டும், கஷ்டம் அங்கேதான்.

நம் நாட்டில் இந்தச் சிகிச்சை புதிதும் அல்ல. டெல்லியில் தெருவோரத்தில் இருந்தவர்களுக்கு 1990-களிலேயே புப்ரெனார்ஃபின் கொடுத்தார்கள். மணிப்பூரில் ஊசி மூலம் ஹெராயின் போட்டுக்கொண்டவர்களிடையே 1990-ஐ ஒட்டிய சில மாதங்களுக்குள் எய்ட்ஸ் கிருமி ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பரவியது, மூத்த டாக்டர்கள் இன்றும் நடுக்கத்தோடு நினைக்கிற செய்தி. அந்தப் பகுதியில் மிஷன் ஆஸ்பத்திரிகளின் கூட்டமைப்பான இம்மானுவேல் மருத்துவமனைச் சங்கம், ஊசி போட்டுக்கொள்வோரிடையே வேலை செய்யும் பெரிய திட்டம் ஒன்றை 2004-ல் தொடங்கியது. புப்ரெனார்ஃபின் சிகிச்சை மணிப்பூரிலும் நாகாலாந்திலும் பரவியதில் அந்த ஊழியருக்கும் பங்கு உண்டு. பின்பு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு இதைத் தன் திட்டத்தில் ஏற்றுக்கொண்டது. இப்போது நாட்டில் இருநூறுக்கு மேற்பட்ட அரசு மையங்களில் இந்தச் சிகிச்சை இலவசமாக நடக்கிறது. பஞ்சாப் அரசு 2017 அக்டோபரில் வெளிநோயாளிகளுக்கான தனி மையங்களைத் திறந்தது.

ஒரு மையம் நன்றாக நடக்கிறதா என்று பார்க்க நான் டாக்டரின் அறைக்குள் முதலில் போவதில்லை. மாத்திரை கொடுக்கிற ஜன்னலருகே நிற்பேன். அங்கே ஒரு நர்ஸ் இருப்பார். மாத்திரையைப் பொடித்து நோயாளியின் நாக்கின் அடியில் போட்டு, அது கரையும்வரை ஐந்து, பத்து நிமிஷம் அவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பார். "நேற்று ஏன் வரவில்லை? அம்மாவுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது?" என்பார். அந்தப் பேச்சிலேதான், அந்த ஆள் தூக்க மாத்திரையும் சேர்த்து விழுங்குகிறார் என்பது வெளியே வரும். புப்ரெனார்ஃபினோடு தூக்க மாத்திரையோ சாராயமோ சேர்ந்தால் மூச்சுக்கு ஆபத்து. டாக்டருக்கு அந்தத் தகவல் நர்ஸிடமிருந்துதான் போகும். பிறகு ஆலோசகர், இருப்புப் புத்தகத்தைச் சரியாக வைத்திருக்கிற மருந்தாளுநர், வராதவரைத் தேடிப் போகிற களப்பணியாளர். களப்பணியாளராகப் பல இடங்களில், தாமே அந்தக் குழியில் விழுந்து எழுந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் போல வேலை செய்ய எங்களால் முடியாது. இவர்களுக்கெல்லாம் மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். கல்வெட்டில் பெயர் பொறிக்க முடியாத செலவு இது.

மருந்து இருப்பு தீராமல் இருப்பதும் டாக்டருக்கு ஒரு துணைதான். நாலு நாள் மாத்திரை இல்லையென்றால் ஆறு மாத வேலை வீணாகிவிடும். சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். போதைப் பொருள் தடுப்புக்கான 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து இது. அடிமைப்பட்டோருக்கான மாத்திரை, அங்கீகாரம் பெற்ற மையங்களுக்குத்தான் வழங்கப்படும், மூலைக்கடையில் கிடைக்காது. கணக்கில் ஒரு மாத்திரை குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டும் என்ற அச்சம் பல நல்ல டாக்டர்களை விலகி நிற்க வைத்திருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிதளவு போதைப் பொருளோடு பிடிபட்ட அடிமை தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விடுபட இடமளிக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமோ போதையால் வரும் மனநிலைப் பாதிப்பையும் நோய்க் கணக்கிலேயே சேர்த்திருக்கிறது. இவற்றை டாக்டருக்கு எடுத்துச் சொல்ல ஒரு வக்கீல் நண்பர் இருந்தால் எவ்வளவோ பயம் போய்விடும். இந்தக் கூட்டத்தில் வக்கீல்கள் இருக்கிறீர்கள். என் கண்ணுக்குத் தெரிகிறது.

கர்ப்பிணிகளைக் குறித்தும் சொல்ல வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்த உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிடு என்று மாமியாரும் சொல்வார்கள், சில டாக்டர்களும் சொல்வார்கள். திடீரென்று நிறுத்துவது தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. புப்ரெனார்ஃபினைத் தொடர்ந்து கொடுப்பதே நல்லது. பிறந்த குழந்தைக்குச் சில நாள் உபாதை இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. சிகிச்சையில் நிலையாக இருக்கிற தாய் தாராளமாகப் பாலும் கொடுக்கலாம். பிரசவ வார்டு நர்ஸுக்கும் குழந்தை டாக்டருக்கும் இது தெரிந்திருந்தால்தான் அந்தப் பெண் நம் வாசலுக்கு வருவாள்.

கூட்டத்துக்கு முன்பாக நீங்கள் எழுதிக் கொடுத்த கேள்விகளில் மூன்றுக்குப் பதில் சொல்லி முடிக்கிறேன்.

"இந்த மாத்திரையை எத்தனை நாள் சாப்பிட வேண்டும்?" மாதக் கணக்கு அல்ல, வருஷக் கணக்கு. சிலருக்கு நெடுங்காலம் வேண்டியிருக்கும். நிறுத்துவதென்றால் நோயாளியும் டாக்டரும் சேர்ந்து தீர்மானித்து, மெதுவாகக் குறைக்க வேண்டும். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, ஆகவே அடுத்த வாரம் நிறுத்துங்கள் என்று கேட்கிற பெற்றோருக்கு நான் சம்மதிப்பதில்லை.

"வாங்கிக்கொண்டு போய் வெளியே விற்கமாட்டார்களா?" விற்பவர்கள் உண்டு, கரைத்து ஊசி போட்டுக்கொள்பவர்களும் உண்டு. மறைப்பதற்கில்லை. அதனால்தான் முதல் மாதங்களில் கண் முன்னே கொடுக்கிறோம். நாலாக்சோன் கலந்த மாத்திரையும் இருக்கிறது. நாக்கின் அடியில் வைத்தால் ஒன்றும் செய்யாது, ஊசியில் ஏற்றினால் உபாதையைக் கிளப்பும். அதற்காகக் கட்டை இழுத்துக்கொண்டே போனாலும் தப்பு. தினந்தோறும் வந்து வரிசையில் நில் என்றால் கூலி வேலைக்காரர் வேலையை இழப்பார் அல்லது சிகிச்சையை இழப்பார். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது வேறு வழியில்லாமல் சில நாள் மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப அரசு மையங்களுக்கு அனுமதி வந்தது. நிலைத்து நிற்கிற நோயாளியை நம்பிக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

மூன்றாவது கேள்வி ஒரு தாயாருடையது, பெயர் எழுதவில்லை. மகனுக்கு இந்தப் பழக்கம் இருப்பதாகச் சந்தேகம். யாரிடம் கேட்பது, ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று எழுதியிருக்கிறார். அம்மா, 14446 என்பது போதை மறுவாழ்வுக்கான மத்திய அரசின் கட்டணமில்லா எண். 14416 என்பது மனநல உதவிக்கான டெலி மானஸ் எண். பெயர் சொல்லாமலே பேசலாம். டாக்டரிடம் போகும்போது வீட்டில் கிடந்த மாத்திரை அட்டையோ, காலி உறையோ எதுவாயினும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு எடுத்தான் என்பதை மகனே சொல்லும்படி, அவனை டாக்டரோடு தனியாகப் பேச விட்டு, நீங்கள் சற்று வெளியே உட்காருங்கள்.